வாய் இல்லாத முகங்கள்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் கண்ணை மூடினால்தான் எங்களுக்கு வேலையே ஆரம்பம்.

குறட்டை விடுகிற அன்பர்களே, அவர்கள் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பாவப்பட்ட ஜன்மங்களே, இது உங்களுக்காகத்தான். எண்பதுகளின் கடைசியில் பம்பாய் மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. அதற்கு முன்னால் பல் செட்டுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர், “காதர் பாய், பல்லை விடு, மூக்குக்கு வா” என்று இந்தியில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளும். குறட்டை சட்டென்று நிற்கும், கூடவே மூச்சும் நிற்கும். அரை நிமிஷம் கழித்துத் திணறி, கனைத்துக்கொண்டு புரளுவார்கள். விடிய விடிய இதே கூத்து. காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. பகலெல்லாம் ரயிலில், ஆபீசில், சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கி விழுவார்கள். சிலர் ஒருநாள் எழுந்திருக்காமலே போய்விடுவதும் உண்டு. இதற்கு மருந்து காற்றுதான். ஒரு மோட்டார் குழாய் வழியாக மூக்குக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை மூடாது. மோட்டாருக்கு வழி இருந்தது. மூக்கில் மாட்டுகிற மாஸ்க்தான் எங்கேயும் கிடைக்காது. ஆளுக்கு ஆள் மூக்கு வேறே அல்லவா? அதனால் ஒவ்வொருவர் முகத்திலும் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்து, அதன்மேல் ரப்பர் மாஸ்க் செய்து தருவது என் பாடு.

வீட்டில் என் மனைவி மைமூன் மட்டும் நடுநடுவே ஆரம்பிப்பாள். “உங்களுக்கும் அது இருக்குங்க. மூச்சு நின்னு நின்னுதான் வருது. எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்று வெட்டிவிடுவேன். மருந்துக் கடைக்காரனுக்குக் காய்ச்சல் வருமா என்கிற திமிர்.

ஆடாத நூல்

முதன்முதலில் நான் அச்சு எடுத்தது ஒரு பாங்க் ஆபீசருக்கு. பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். கண்மேல் பஞ்சு, நெற்றியிலிருந்து மேலுதடு வரை வாசலின், இரண்டு மூக்குத் துளையிலும் கூல்டிரிங்க் ஸ்ட்ரா. “வாயைத் திறக்கப்படாது சார்” என்று சொல்லிவிட்டு ஈரப் பிளாஸ்டரை அப்பினேன். ஸ்ட்ரா முனையில் ஒரு தையல் நூலைத் தொங்கவிடுவது என் பழக்கம். நூல் ஆடுகிறவரை ஆளைப் பற்றிக் கவலை இல்லை.

இரண்டாவது நிமிஷம் நூல் நின்றது. மனுஷர் பிளாஸ்டருக்கு அடியில் தூங்கிப்போயிருந்தார். பட்டப்பகல், கீழே காய்கறிக்காரன் கூவுகிறான், ரயில் போகிறது, இந்த நூல் மட்டும் சுவரில் வரைந்த கோடு மாதிரி நிற்கிறது. பிளாஸ்டரைப் பிய்த்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனபோது ‘ப்ஹூ’ என்று ஒரு கனைப்பு; ஒரு ஸ்ட்ரா பறந்துபோய் என் சட்டையில் விழுந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவர் சொன்னார்: “ரொம்ப வருஷத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் பாய் பத்து நிமிஷம் யாரும் என்னைத் தட்டி எழுப்பலை.”

சலாம் கொடுக்கும்போது

அச்சிலிருந்து வார்த்தெடுத்த முகங்களை அலமாரியில் வரிசையாக நிறுத்திவைப்போம். நெற்றி, மூடிய கண், மூக்கு, அதோடு சரி. மேலுதட்டோடு முடிந்துவிடும், வாய் கிடையாது. நான் அதே அறையில்தான் மத்தியானத் தொழுகையான லுஹரைத் தொழுவேன். உருவங்களை எதிரே வைத்துக்கொண்டு தொழக்கூடாது என்பதால் எல்லா முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பாயை விரிப்பேன்.

ஒருநாள் தொழுகையை முடிக்க, வழக்கப்படி முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சலாம் கொடுத்து, இடப்பக்கம் திரும்பினேன். ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் பாங்க் ஆபீசர். மற்ற ஐந்தும் சுவரைப் பார்க்கின்றன, இவர் மட்டும் அறையைப் பார்க்கிறார். என்னோடு வேலை பார்த்த சங்கரன், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், மோட்டாரும் டேப் ரிக்கார்டரும் அவர் பொறுப்பு. “நான் தொடலை ஓய்” என்று சத்தியம் பண்ணினார். மறுநாளும் அதேதான். ரயில் போகும்போதெல்லாம் அலமாரி அதிர்கிறது, இவருடைய அடிப்பாகம் கோணல், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. கண்டுபிடித்துவிட்டோம். ஆனாலும் சங்கரன் தாடையைச் சொறிந்துகொண்டு, “இவர் மாஸ்க்கை வாங்கிக்க ஒரு மாசமா வரலை, தெரியுமோ?” என்றார். சரி போகட்டும் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் லுஹருக்கு எல்லா முகமும் ஒழுங்காகச் சுவரைப் பார்த்தபடி இருந்தன. சங்கரன் சொன்னார்: “பார்த்தீரா, மனுஷர் சமாதானம் ஆயிட்டார்.”

யாசீன்

ஆண்டாப் ஹில்லில் செய்யதலி என்று ஒருவர். டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவர், நைட் டியூட்டி. அங்கே தூங்கி விழுந்தால் அவரோடு போகாது, கூட நாலு பேருக்கும் ஆபத்து. காலையில் அவர் வீட்டுக்கு மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டித் தூங்கவைத்துவிட்டு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினேன். அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்னுடையதுதான்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தால் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கிறது. உள்ளே பதினைந்து பேர், தலையில் முக்காடும் தொப்பியுமாக உட்கார்ந்து, உயிர் பிரிகிற நேரத்தில் ஓதுகிற யாசீனை ஓதுகிறார்கள். எட்டிப் பார்த்து மூக்கில் குழாயைக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் கடைசி மூச்சு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நம் ஜனங்களுக்குக் குழாய் என்றால் ஒரே அர்த்தம்தானே! ஒரு அம்மா ஸ்பூனில் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரை ஏந்தி, எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மோட்டார் இரைகிறது, ஓதல் எழும்புகிறது, நடுவில் அந்த ஆள் அசையாமல் கிடக்கிறார். நானே மாட்டிய குழாய்தான். ஆனாலும் கதவருகேயே நின்றுவிட்டேன், நிஜமாகவே மௌத்தாகி, செத்துத்தான் போய்விட்டாரோ என்று. அப்போது அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். ஸ்பூன்காரம்மா அலறியதில் தண்ணீர் என்மேல் தெறித்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு செய்யதலி சொன்னார்: “எனக்கா ஓதுதீங்க? சரி, பாதியில நிறுத்தாதீங்க, முடிச்சிட்டு எல்லாரும் சாயா குடிச்சிட்டுப் போங்க.”

மணிக்கட்டு

திலக் நகரில் ஒரு மாமி. புருஷன் மணிக்கட்டில் ஒரு நூல், இவர் மணிக்கட்டில் மறுமுனை. குறட்டை நின்றால் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அவர் புரண்டு மூச்சு விடுவார். இப்படியே பதினோரு வருஷம்! மாமியின் கையில் அந்த நூல் ஓடிய இடம் கருத்துப்போயிருந்தது. மோட்டார் மாட்டி ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனேன். புருஷன் தெளிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமிக்குத்தான் கண் உள்ளே போயிருந்தது. “பதினோரு வருஷமா அவர் மூச்சை நான்தான் விட்டுண்டிருந்தேன். இப்போ மிஷின் விடறது. நான் முழிச்சுண்டு என்ன பண்ணணும், சொல்லுங்கோ” என்றார்.

வீட்டுக்குப் போய் மைமூனிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: “என்ன நூலுங்க அது? தையல் நூலா, சணலா?”

பேர் எழுதாத கேசட்

ஆளுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. தூங்குகிறவர் தலைமாட்டில் வீட்டுக்காரர்களே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு பண்ணிக் கொண்டுவருவார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நாங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, குறட்டைக்கு நடுவில் எத்தனை விநாடி சத்தமில்லை என்று எண்ணுவோம். ஊரெல்லாம் பாட்டு கேட்கும், நாங்கள் பாட்டு நின்ற இடத்தைக் கேட்போம்.

ஒருநாள் சங்கரன் பேர் எழுதாத ஒரு கேசட்டைப் போட்டார். யாருடையது என்று கேட்டதற்கு, “கேளும், அப்புறம் சொல்றேன்” என்றார். நல்ல கனத்த குறட்டை. நின்றது. இருபது விநாடி. முப்பது. எங்கேயோ ஒரு மேசை விசிறி ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்பதில் திணறி எழுந்தது, மறுபடி நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. “சங்கரன், இவன் ரொம்ப நாள் தாங்க மாட்டான்! யாருன்னு பார்த்து இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லும்” என்றேன். சங்கரன் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

குறட்டை நின்ற இடத்தில் ஒரு பெண்குரல் ரகசியமாக எண்ணிக்கொண்டிருந்தது. “முப்பத்தேழு... முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது...” எண்ணிக்கை நாற்பத்துமூன்றில் நின்றது. “யா அல்லா” என்றது. பிறகு தோளில் பளாரென்று ஒரு அடி. அந்த டக் டக் விசிறி தாராவியில் எங்கள் வீட்டு விசிறி. அந்தக் குரல் மைமூனுடையது. செத்துப்போகப்போகிறவன் என்று நான் தீர்ப்புச் சொன்ன ஆள் நான்தான். சங்கரன் டேப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உம்ம ஆத்துக்காரி காலம்பற வந்து குடுத்துட்டுப் போனா. பேர் எழுதாதீங்க, அவுகளே கேட்டு அவுக வாயாலயே சொல்லட்டும்னா.”

ஏழாவது முகம்

மறுநாள் அதே பெஞ்சில் நான் படுத்தேன். சங்கரன் பூசினார், நானே நூலைக் கட்டச் சொன்னேன். பிளாஸ்டருக்கு அடியில் இருட்டு. ஸ்ட்ராவில் என் மூச்சு விசில் அடிப்பது கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. பிளாஸ்டரை எடுத்ததும் விழித்துப் பார்த்தால் சங்கரன் முகம் வெளுத்துப்போய் நின்றார். முதல் வேலையாக அந்த நூலை அறுத்தெறிந்தார்.

மாஸ்க் மாட்டித் தூங்கிய முதல் நாள், விடிந்து கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் மைமூன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், எனக்கு முன்னால் அவள் விழித்திராத காலை அது ஒன்றுதான். என் மணிக்கட்டில் சிவப்புத் தையல் நூல், மறுமுனை அவள் விரலில். அது எப்போதிலிருந்து கட்டப்பட்டு வந்தது, எப்போது அவிழ்க்கப்பட்டு வந்தது, அந்த மனுஷிக்குத்தான் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மாஸ்க்கோடு அழுதால் காற்று கண்ணில் அடிக்கிறது என்பதையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மைமூன் சாப்பாடு கொண்டுவந்தவள், அலமாரியில் ஏழாவதாக நின்ற என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மூடிய கண், மூக்கு, அதோடு சரி. பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “வாய் இல்லாம இருக்கிறது நல்லதுதான், இனி ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ன்னு சொல்ல முடியாதுல்லா.”

முகம் தானாகத் திரும்புவது ரயில் அதிர்ச்சியால்தான் என்று யார் கேட்டாலும் விளக்கமாகச் சொல்வேன். ஆனால் மாஸ்க் போடாமல் தூங்கிய மறுநாள் மட்டும், அலமாரி இருக்கிற இடப்பக்கம் சலாம் கொடுக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.