மங்களம் இல்லாத தட்டு

என் பாட்டு கிராமபோன் தட்டில் ஏறிய வருஷம், நாகர்கோவில் பக்கமெல்லாம் மதராஸோடு சேரப்போகிறது என்று சாலை பஜார் கடைகளில் ஓயாத பேச்சு. எங்கள் வலியசாலைத் தெருவில் மட்டும் பேச்சு என் தட்டைப் பற்றி. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டு கட்ட வரும். அரைக்கும்போது தானாக வரும். தோசை மாவு என்றால் நீளப் பாட்டு, துவையல் என்றால் இரண்டு வரி. கல்யாணங்களில் சம்பந்தி ஏசல் பாட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளையைப் பெற்ற மாமியை எதிரில் உட்காரவைத்து, அவள் கொண்டையிலிருந்து குறட்டை வரைக்கும் கேலி செய்வோம். ஆனால் கடைசியில் அவளுக்கு ஒரு மங்களம் பாடிவிட வேண்டும். பாடாமல் விட்டால் கேலி அவள்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள்.

அந்தச் சித்திரையில் என் நாத்தனாரைக் கரமனையில் கொடுத்தோம். கல்யாணத்தன்று சம்பந்தி மாமி ஒரே காலையில் ஐந்து தடவை காப்பியைத் திருப்பி அனுப்பினாள். விடுவேனா நான்?

ஆறிப்போன காப்பி என்றாள், மாத்திக் குடுத்தோம்;
நாக்குப் பொத்துப் போச்சு என்றாள், ஆத்திக் குடுத்தோம்.

பந்தலே சிரித்தது. மாமியும் சிரித்தாள். மங்களமும் பாடினேன். அன்று பந்தலில், சாலை பஜாரில் கிராமபோன் பெட்டி விற்கிறவர் ஒருவர் இருந்தார். அவர்தான் தட்டு போடுகிற மதராஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டார்.

ரயிலில் போனோம். செங்கோட்டைக் குகைகளில் ஜன்னலைச் சாத்த மறந்து, நானும் என் வீட்டுக்காரரும் கரி பூசிக்கொண்டு இறங்கினோம். ஸ்டூடியோ என்பது ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் கம்பளி. எதிரில் சம்பந்தி இல்லாமல் எனக்கு ஏசல் வரவில்லை. கடைசியில் ஆர்மோனியக்காரரையே சம்பந்தியாக நினைத்துப் பாடினேன். அவருக்கும் கொண்டை உண்டு, நல்லவேளை. பாட்டு முடிகிற சமயத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் கையைத் தூக்கிவிட்டார்.

“மங்களம் பாடலையே” என்றேன்.

“அதுக்கு எடமில்லம்மா. தட்டு மூணு நிமிஷம்தான். பிரமாதமா வந்திருக்கு.”

மறுபக்கத்துக்கு ஊஞ்சல் பாட்டு ஒன்று பாடிவிட்டு வந்தோம். அதில் வம்பு இல்லை.

ஆவணியில் தட்டு வந்தது. மதராஸ் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் செக்ரட்டேரியட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து வாசித்தார். குரல் கணீரென்று இருக்கிறது, சொல்லெல்லாம் சொந்தச் சொல் என்று போட்டிருந்ததாம். சட்டென்று நிறுத்தினார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பாக்கி விளம்பரம்.”

புரட்டாசியில் கரமனையிலிருந்து ஆள் வந்தது. சம்பந்தி மாமியின் சமையல்காரர். என் மாமியாரிடம் சொன்னார்: “மங்களம் இல்லாத பாட்டை ஊரெல்லாம் சுத்தவிட்டிருக்கேளாம். அது சரியாகாம பிள்ளையும் பொண்ணும் தலை தீபாவளிக்கு வரமாட்டான்னு சொல்லச் சொன்னா.”

என் மாமியார் மாப்பிள்ளைக்கு வேஷ்டிகூட எடுத்து வைத்திருந்தாள். ஒரே பெண். மறுநாள் காலையில், “நீதானே பாடினே? நீயே போய்ப் பேசு. அவ வராட்டா எனக்கு தீபாவளியே வேண்டாம்” என்றாள்.

கரமனைக்கு நடந்தே போனேன். சம்பந்தி வீட்டுக்குள் நுழையும்போதே உள்ளே என் குரல் கேட்டது. தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோபம் வந்தவள் தட்டை உடைத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். இவளோ தினம் போட்டுப் போட்டு அதைத் தேய்த்திருந்தாள், சரசரவென்று இரைச்சல்.

“வா, வா, பாட்டுக்காரி. நான் வேணும்னா படிச்சுக் காட்டறேன், நோக்குதான் படிக்கத் தெரியாதே” என்று மாமி புடவைப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்துண்டை எடுத்தாள். அதே பத்திரிகை. என் வீட்டுக்காரர் விளம்பரம் என்று சொன்ன பாகம். பாட்டுக்கு முடிவே இல்லை, பாதி இலையில் எழுந்து போனமாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தது.

“கேட்டியா? மதராஸ்ல இருக்கறவனுக்கே தெரியறது.”

“எடம் இல்லேன்னுட்டா மாமி.”

“காப்பிக்கு எடம் இருந்ததோல்லியோ? ஐயய்யோ, சந்தைக்குப் போனா கறிகாய்க்காரிகூட மலையாளத்துல ‘மாமி, காப்பி ஆறிப்போயோ?’ங்கறா.”

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன். “தட்டை இன்னொரு தடவை போடுங்கோ மாமி” என்றேன்.

போட்டாள். முள் கடைசிச் சுற்றுக்கு வந்ததும் எழுந்து நின்று விட்ட இடத்திலிருந்து மங்களத்தைப் பிடித்தேன். பெட்டி வேகமாகச் சுற்றுகிற பெட்டி. தட்டில் இருந்த நான் என்னைவிட அரைக்கட்டை மேலே பாடிக்கொண்டிருந்தேன்.

“சுருதி சேரலை. இன்னொரு தடவை” என்றாள் மாமி.

இரண்டாம் தடவை மூச்சு போதவில்லை. உள்ளேயிருந்து நாத்தனார் கதவோரம் வந்து நின்றாள். மூன்றாம் தடவை தட்டுக்காரியை எட்டிப் பிடித்துவிட்டேன். மாமியின் பேர், பிள்ளை பேர், நாட்டுப்பெண் பேர் எல்லாம் வைத்து முழுசாகப் பாடினேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் எழுந்தாள். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள்.

ஆறிப்போயிருந்தது. நான் பேசாமல் குடித்தேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்தித் தரட்டுமா?” என்றாள், வாயெல்லாம் பல்லாக.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் வில்வண்டியில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். என் மாமியார் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போனபோது, நாத்தனார் ஒரு கையால் தடுத்தாள். இடுப்பில் துணியில் சுற்றிய ஒரு வட்டம்.

“மெதுவா அம்மா, ஒடஞ்சுடும். மன்னி, இதைப் போடறச்செல்லாம் நீங்க பக்கத்துல நிக்கணுமாம். மாமியார் சொல்லி அனுப்பிச்சா.”

அந்தத் தீபாவளிக்கு ஒன்பது தடவை நின்றேன்.