சுவரைத் தட்டிவிட்டுத்தான் பாட்டு

முதலில் நடுங்குவது அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள்தான். பிறகு குடத்துத் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் எழும்பும், பாயில் உட்கார்ந்திருக்கும் என் தொடைக்குக் கீழே தரை அதிரும், அதற்கும் பிறகுதான் பாட்டு என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பது காதுக்குத் தெரியும். பாம்பனில் நாங்கள் இருந்த வீட்டில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச வருஷத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் இப்படித்தான் தொடங்கின. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டு, ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள் அது ஒன்றுதான்.

‘சப்வூஃபர்’ என்ற சொல்லெல்லாம் பின்னால் வந்தது. எங்களுக்கு அது ‘பேஸ் பெட்டி’. வெளிநாட்டில் வேலை பார்த்த சித்தப்பா பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். படகு கட்டும் ஆசாரி ஒருவர், படகுக்குப் போக மிஞ்சிய பலகையில் அதற்குப் பெட்டி அடித்துக் கொடுத்தார். நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரம். கூடவே பாட்டுக் குரல் வருவதற்கு இரண்டு சின்னப் பெட்டிகள்.

அய்யா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், விசைப்படகில் டிரைவராக இருந்தார். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அம்மா கூப்பிட்டால் கேட்காது, கோயில் மணி அடித்தால் கேட்காது. பேஸ் பெட்டி மட்டும் கேட்டது. கேட்டது என்றுகூடச் சொல்ல முடியாது; பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்ததை வேறு எந்த நேரத்திலும் நான் பார்த்ததில்லை.

எஞ்சினை எப்படி வைத்துக்கொண்டாரோ அப்படித்தான் அதையும் வைத்துக்கொண்டார். சத்தம் கூட்டும் திருகியைப் பாதிக்கு மேல் திருப்ப யாரையும் விடமாட்டார். “பெட்டி நடுங்கணும், உதறக் கூடாது” என்பார். உதறத் தொடங்கினால் உள்ளே ஸ்பீக்கரின் காகிதம் கிழியப் போகிறது என்று அர்த்தம். ஒரு கேசட் முடிந்ததும் பின்பக்கம் காந்தத்தைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் நிறுத்திவிட்டு ஆறவிடுவார். தரை அதிர்வது அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்று அம்மா சொன்ன பிறகு, கழித்துப் போட்ட நைலான் வலையை மெத்தை போல மடித்து, அதன்மேல் பெட்டியைத் தூக்கி வைத்தார். அன்றிலிருந்து டம்ளர்கள் நடுங்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஆனால் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர். அந்தப் பக்கம் ராயப்பன் மாமாவும் பிலோமி அத்தையும் இருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் மாமா எங்கள் வாசலில் வந்து நின்று, அய்யாவுக்குக் கேட்கும்படி கத்துவார். “என்ன மச்சான், ஆறு நாளு கடல்ல ஓட்டுனது பத்தாதுன்னு வீட்டுக்குள்ளயும் எஞ்சின் ஓட்டுறியாக்கும்?”

“டீசல் நீயா ஊத்துற? உள்ள வாடா” என்பார் அய்யா. மாமா உள்ளே வந்து உட்கார்ந்து முழு கேசட்டையும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் ராயப்பன் மாமா போன படகு திரும்பி வரவில்லை. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது: ஒரு படகு வரவில்லை என்றால், அது என்ன ஆயிற்று என்று தெரியும்வரை யார் வீட்டிலும் ரேடியோ பாடாது. யாரும் சொல்லி வருவதில்லை, தானாக நின்றுவிடும். பேஸ் பெட்டியின் மேல் அம்மா ஒரு துண்டை விரித்துப் போட்டாள். வாரங்கள் போயின. ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் அத்தை அழவும் இல்லை. மீன் வெட்டினாள், கருவாடு காயப்போட்டாள், காற்று திரும்பும்போதெல்லாம் கடற்கரைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

அய்யாவுக்கு அந்த வாரங்களில் எதுவுமே கேட்கவில்லை. கடலுக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் இளகினாள். கதவைச் சாத்தினாள். பாட்டுக் குரல் வெளியே போகக் கூடாது என்று இரண்டு சின்னப் பெட்டிகளின் வயரையும் கழற்றினாள். அவை எப்படியும் அய்யாவுக்குக் கேட்பவை அல்ல. பேஸ் பெட்டியை மட்டும், மிகவும் குறைத்து வைத்தாள். அய்யா துண்டை எடுத்துவிட்டுக் கையை வைத்தார்.

பாதிப் பாட்டுகூட ஓடியிருக்காது. வெளியே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்தேன். பிலோமி அத்தை கையில் மீன் வெட்டும் கத்தியோடு, முடி அவிழ்ந்து, கடற்கரையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடலில் ஒரு படகும் இருக்காது. அந்த நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால், அது வராமல்போன அந்தப் படகாகத்தான் இருக்க வேண்டும்.

சத்தமாக வைத்திருந்தால் அது பாட்டு என்று தெருவுக்கே தெரிந்திருக்கும். நாங்கள் குரலை எடுத்துவிட்டோம். சுவரைத் தாண்டிப் போனது தூரத்து எஞ்சின் போன்ற அடி மட்டும்தான்.

அம்மா ஓடிப்போய் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அத்தை எங்கள் வாசலில் நின்றாள். அய்யா அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் கை வைத்திருந்தார். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “போடுறதுன்னா பாட்டோட போடுங்கண்ணே” என்றாள், மெல்ல. “அடி மட்டும் வந்தா அவுக எஞ்சின் மாதிரி இருக்கு.”

அய்யாவுக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “ஏலே, சொல்லுலே உங்கய்யாட்ட” என்றாள் அத்தை. வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குச் சத்தம் வராது. அன்று அய்யாவின் காதில் வாயை வைத்து, அத்தை சொன்னதை அப்படியே கத்தினேன். இரண்டாவது தடவையும் கத்த வேண்டியிருந்தது. தெருவில் ஆட்கள் நின்று கேட்டார்கள். அய்யா பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு பல மாதம் பாட்டு இல்லை. மறுபடியும் தொடங்கியபோது அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். முதலில் சுவரைத் தட்டி, “பிலோமி, பாட்டுத்தான் போடுறோம்” என்று சொல்வாள். அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வரவேண்டும். வந்தால்தான் போடுவோம், அதுவும் குரலோடு. வராத நாட்களும் உண்டு. அன்று அய்யா சும்மா பாயில் படுத்துக்கொள்வார். அய்யா இருந்தவரை இது நடந்தது. மாமாவின் படகைப் பற்றிக் கடைசிவரை ஒரு தகவலும் வரவில்லை.

அதே வீட்டில்தான் இப்போதும் இருக்கிறேன். பழைய பெட்டியின் ஸ்பீக்கரை உப்புக்காற்று தின்றுவிட்டது. பலகை மட்டும் நன்றாக இருக்கிறது, குடம் வைக்க உதவுகிறது. பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. என் மகன் கறுப்பாக, சின்னதாக, புதுப்பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அடி பலமாகத்தான் இருக்கிறது, ஆனால் படகுகளில் இப்போது வேறு எஞ்சின்கள், வேறு சத்தம். இதைக் கேட்டு யாரும் கரைக்கு ஓடப் போவதில்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. அத்தை இறந்தபிறகு சொந்தக்காரர்கள் அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் உள்ளே வலைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பெட்டியைப் போடப் போகும்போது நான் எழுந்துபோய்ச் சுவரைத் தட்டுகிறேன். “அங்கன யாருப்பா இருக்கா, வலைக்குச் சொல்றீகளா?” என்று அவன் சிரிக்கிறான். நான் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு, குரலைக் கூட்டிவைத்துப் போடு என்று சொல்லிவிட்டு வந்து உட்காருகிறேன்.