விஷம் வைத்த கவுனி அரிசியைத் தேடிக் காரைக்குடிக்கு

சிலர் கோயிலுக்காகக் காரைக்குடி போவார்கள், சிலர் பெரிய வீடுகளைப் பார்க்க. நான் போனது ஒரு கொலையால். உண்மை வழக்கை வைத்துக் காரைக்குடியில் எடுத்த இணையத் தொடர் அது, எட்டு பாகம். மூன்றாம் பாகத்தில் மருமகள் மாமனாருக்குக் கவுனி அரிசியில் விஷம் கலப்பாள். கறுப்பரிசி, சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ என்று கேமரா அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. மாமனார் செத்தார், எனக்குப் பசித்தது. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமைக்குச் சென்னையிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டேன்.

காலை 6.50க்கு ரயிலை விட்டு இறங்கினேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு ஆட்டோக்காரரிடம் அந்தக் கிண்ணத்தைத் தேடி வந்த விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிண்ணம் என்னண்ணே, கலக்குன கையே செக்காலையிலதேன் இருக்கு. வாரீகளா?"

செக்காலைப் பகுதிக்கு இரண்டரை கிலோமீட்டர், எண்பது ரூபாய். அறுபதுக்குப் பேசியிருக்கலாம். கொலைகாரியின் கை என்றதும் பேரம் பேச வாய் வரவில்லை.

அந்தக் கை கல்யாணச் சமையல் செய்யும் பொன்னழகு அக்காவுடையது. படப்பிடிப்புக் குழுவுக்குச் சமைக்கப் போனவர். நடிகைக்குக் கிண்டத் தெரியவில்லை என்று இவர் கையை மட்டும் நடிக்க வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் ஒரு எண்ணெய்த் தழும்பு. திரையில் பார்த்ததும் ஊருக்கே அடையாளம் தெரிந்துவிட்டது. அதன்பின் இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. இங்கே கவுனி அரிசி இல்லாமல் கல்யாண இலை கிடையாது. அந்தக் கை கிண்டியதை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறவும் யாருக்கும் துணிவில்லை.

"நெச வழக்குல டீயிலதேன் தம்பி கலந்தது. பாக்க அழகா இருக்கும்னு படம் எடுத்தவுகதேன் கவுனியா மாத்திட்டாக. டீக்கடைக்காரவுக எல்லாரும் நல்லாத்தேன் இருக்காக" என்றார் அக்கா. பேசும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

பத்து மணிக்கு, ஒக்கூரில் நடக்கப்போகும் கல்யாணத்துக்காக மணப்பெண்ணின் தாயாரான ஆச்சி ருசி பார்க்க வருவதாக இருந்தது. இதுவும் போனால் தொழிலையே விட்டுவிட்டுத் திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுவது என்று அக்கா முடிவெடுத்திருந்தார்.

ஆச்சி தன் அண்ணனோடு வந்தார். கிண்ணங்கள் வந்தன. யாரும் தொடவில்லை. ஆச்சிக்கு விரதமாம், அண்ணனுக்குப் பல்வலியாம். பிறகு இருவரும் சொல்லி வைத்தாற்போல் என்னைப் பார்த்தார்கள். இதற்காகவே நானூறு கிலோமீட்டர் வந்தவன் நான். கரண்டியில் எடுத்து, முதலில் முகர்ந்து பார்த்தேன்.

சாப்பிட்டேன். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "தொடர்ல அந்தாளு எம்புட்டு நேரத்துல சாஞ்சாரு?"

"கா மணி நேரம்" என்றார், வாசலில் நின்ற ஆட்டோக்காரர்.

கால் மணி நேரமும் நால்வரும் கண்கொட்டாமல் என்னையே பார்த்தார்கள். நடுவே நான் ஒருமுறை இருமியதும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. பத்தாவது நிமிடம், பயம் தெளிந்து, இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

ஆச்சி சிரித்துவிட்டார். விரதத்தை மறந்து தானும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "சமையல் நீதான் பொன்னழகு. ஆனா மாப்பிள்ளை வீட்டாளுகளும் தொடரப் பாத்திருப்பாக. மொதப் பந்தியில நீ ஒரு வாய் தின்னு காட்டிரு."

"எனக்குச் சக்கர வியாதி ஆச்சி."

மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கவுனி அரிசி சாப்பிட வருபவர்கள் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், அரிசி வெகுநேரம் ஊற வேண்டும். தொடர் பார்ப்பவர்கள் கடைசியில் ஓடும் சின்ன எழுத்துகளையும் படியுங்கள். எதெல்லாம் கற்பனை என்று அங்கேதான் போடுகிறார்கள். அதைத் தாண்டிவிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்கு வெட்கம்தான்.

கிளம்பும்போது அக்கா ஒரு டப்பாவில் கவுனி அரிசி போட்டுக் கொடுத்தார். தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது, தழும்பு வெளியே தெரிந்தது. அவர் அதை மூடவில்லை.

கல்யாணம் வைகாசியில். முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. திரும்பி வரவும் சேர்த்தே டிக்கெட் போட்டிருக்கிறேன்.