நீச்சல் தொட்டிக்கு ஆள் பிடித்த கதை

வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பது என்பது, "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வராதவனுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தொழில். ஓடு மாற்றவோ குழாய் பூட்டவோ ஆளைக் கூப்பிட்டு நொந்துபோனவர்களுக்கு இது தெரியும். நான் கூப்பிட்டது நீச்சல் தொட்டி கட்ட. அதுவும் அறுபதுகளில், செஞ்சியில்.

பணத்திமிர் என்று கடைத்தெருவே பேசியது. பேசியவர்கள் பெயரெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்று கடலை மண்டி வைத்தவன். என் மகள் வசந்தாவுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் துவண்டுவிட்டது. பாண்டிச்சேரி டாக்டர், "கோடை முழுக்க இடுப்பளவு தண்ணியில தினமும் நடக்கட்டும். தேறலைன்னா ஆடியில இரும்புச் சட்டம் மாட்டிட வேண்டியதுதான்" என்றார். அதற்காகத்தான் கொல்லையில் தொட்டி.

மெழுகுவத்தி

அந்தோணி மேஸ்திரி பனமலைப் பக்கத்து ஆள். கிணறு கட்டுவதில் பேர் எடுத்தவர். மார்கழியில் தோண்டினோம். வசந்தாவைத் தூக்கி வந்து, அவள் இடுப்புக்கு மேல் ஆழம் போகக்கூடாது என்று காட்டினேன். பாறை தட்டியதும் நிறுத்தச் சொன்னேன். கிணறு வெட்டிப் பழகிய மனுஷனுக்கு நிறுத்த மனசே இல்லை.

ஒரு நாள் காலையில் குழியின் மூலையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மேஸ்திரி முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். வேலை நல்லபடியாக முடிய வேண்டிக்கொள்கிறார் என்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த மூலையில் படி கட்டி, சிமெண்டு பூசி முடித்துவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, இதுல தண்ணிக்கு எந்நாளும் கொறை வராது. நான் பொறுப்பு."

சட்டைப் பையில் என் எஞ்சின்

தொட்டியை நிரப்பக் கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தேன். பங்குனியில் அது நின்றுபோனது. திண்டிவனம் மெக்கானிக் துரைசாமி வந்து டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, "அடைச்சிருக்குது, சுத்தம் பண்ணி எடுத்தாரேன்" என்று போனவன் போனவன்தான். தொட்டித் தண்ணீர் தினம் தினம் இறங்கியது. வெயில் உறிஞ்சுகிறது என்று நினைத்தேன். வசந்தா கணுக்கால் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வேறு மெக்கானிக்கை அழைத்தால், நாசில் இல்லாத எஞ்சினை நான் என்ன செய்ய என்று திரும்பிப் போய்விட்டார்.

பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். துரைசாமி டீக்கடையில் இருந்தான். நாசில் அவன் சட்டைப் பையில் இருந்தது. கையோடு கூட்டிவந்து எஞ்சினை ஓடவைத்தேன், ஆனாலும் அவன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. டீக்கடையில் அவன் சொன்னது: "அத அங்கயே உட்டுட்டு வந்தா நீங்க வேற ஆள வெச்சு முடிச்சிருப்பீங்க. இப்ப பாருங்க, நீங்களே வந்துட்டீங்க."

பாசிக்கு மருந்து

பாசி தேய்க்க வந்தவன் முனுசாமி. ஒரு நாள் தேங்காய் நாரோடு வந்தான். மறுநாள் கையை வீசிக்கொண்டு வந்து, இனிமேல் தேய்க்கவே வேண்டாம், மருந்து போட்டாயிற்று என்றான். அன்று சாயங்காலம் வசந்தா சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தவள், "நைனா!" என்று அலறிக் கையை விட்டுவிட்டாள். தலை உள்ளே போய்விட்டது. நான் வேட்டியோடு குதித்துத் தூக்கினேன். என் காலிலும் வழவழவென்று ஏதோ உரசியது.

தொட்டி நிறையக் கெண்டை மீன். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டி மூச்சைத் திருப்பினேன். பிறகு முனுசாமியின் கழுத்தைப் பிடித்தேன். "இன்னாத்துக்கு மொதலாளி கோவம்? பாசிய அது தின்னும். வளந்தா அத நாம துன்னலாம்."

நீலம்

வைகாசியில் ஊர்க் கிணறுகள் எல்லாம் வறண்டன. பகலில் நிரப்பினால் விடிவதற்குள் தொட்டி பாதியாகிவிடும். எஞ்சின் இறைக்க என் கிணற்றிலும் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருந்தது. ஆடி நெருங்கியது. அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு கிணறு மட்டும் வாளி முங்க நிறைந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், வெல்ல மண்டி கோவிந்தசாமியின் கிணறு. கேட்டால் ஈஸ்வரன் கொடுத்தது என்பார்.

என் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. துணிக்குப் போடும் நீலத்தைக் கடையிலிருந்து அள்ளி வந்து தொட்டியில் கரைத்தாள். மறுநாள் காலை வேலி ஓரம் கோவிந்தசாமி நின்றார். வேட்டி, துண்டு, தோள்பட்டை எல்லாம் ஆகாய நிறம். "யோவ், எவன்யா எங் கெணத்துல நீலத்தக் கலந்தது?"

அடைக்கக் கூடாதது

அந்தோணி மேஸ்திரியைக் கூப்பிட்டு, மெழுகுவத்தி எரிந்த மூலையில் கடைசிப் படியைப் பெயர்க்கச் சொன்னேன். அடியில், பாறையில் விரல் நுழையும் ஓட்டை. மார்கழியில் அதில் தண்ணீர் கசிந்ததாம். ஊற்றுக்கண் என்று நினைத்து, பூசாமல் படிக்கல் இடுக்கில் வழி விட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். "கண்ண அடைச்சா குடும்பம் வெளங்காது மொதலாளி. நான் மாட்டேன்." வேறு ஆட்களைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மேஸ்திரியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கோவிந்தசாமியின் கிணற்றைக் காட்டினேன். சுவரிலிருந்து நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி குனிந்து எட்டிப் பார்த்தார். "தண்ணி குடுத்தாதான் கண்ணு. இது குடிக்குது" என்று சொல்லி, வந்து சிமெண்டைக் குழைத்தார். கோவிந்தசாமி பின்னாலேயே ஓடிவந்தார். ஓட்டையை மழை வரைக்கும் அப்படியே விடச் சொன்னார். முடியாது என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒம் பொண்ணு காலு வேணும்தான். எங்க வூட்ல குடிக்கத் தண்ணி வேணாமா?"

கன்றுக்குட்டி

தொட்டியில் தண்ணீர் நின்றது. வசந்தா தினமும் நடந்தாள். கோவிந்தசாமியின் கிணறு வற்றி, அவர் மனைவி குடத்தோடு எங்கள் வாசல் வழியாகவே போய்வந்தார். பேச்சு நின்றுபோனது. ஆடியில் டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, இரும்பு வேண்டாம், தண்ணீரில் இன்னும் நடக்கட்டும் என்றார்.

வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் வசந்தாவைக் காணோம். முதலில் தொட்டிக்குத்தான் ஓடினேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. குதித்துத் துழாவினேன். ஒன்றும் இல்லை. மேலே ஏறும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பு கேட்டது. கோவிந்தசாமி வீட்டுக் கன்றுக்குட்டியைப் பார்க்க, வேலியைப் பிடித்துக்கொண்டு தன் காலிலேயே போயிருக்கிறாள். சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்துக் கோவிந்தசாமி சொன்னார்: "ஒம் பொண்ணு நடந்தே வந்துடுச்சு. நீ எப்ப வரப்போற?"

தொட்டி கட்டப்போகிறவர்களே, மேஸ்திரி மெழுகுவத்தி ஏற்றினால் எதற்கென்று அப்போதே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல வேலிக்கு இந்தப் பக்கமே நின்று கிழவனாக வேண்டியிருக்கும்.