கல்லெறி பொறி பார்க்கப் போன நாள்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் டேனிஷ் படித்துக்கொண்டிருந்த அகதிகளான எங்களை டீச்சர் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஃபியோர்டு என்கிற கடற்கழியின் கரைப் புல்வெளியில், மத்திய காலத்துக் கல்லெறி பொறி ஒன்றை மரத்தில் புதிதாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் மன்னார் அண்ணை. இருவரும் ஒரே அறைக்காரர். ஊரிலிருந்து மனைவிமாரைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுப் பதிலில்லாமல் இருந்தோம். முந்தின வாரம்தான் அவருடைய மனைவி ஷெல் விழுந்து செத்த செய்தி வந்தது. அவர் அழவில்லை.

"அறைக்குள்ளை இருந்து என்ன செய்யிறது? வாறன். டீச்சருக்கு அந்தச் செய்தியைச் சொல்லாதை" என்று காலையில் அறையில் சொல்லியிருந்தார்.

அங்கே போய்ச் சேர்ந்தோம். பொறியின் நீண்ட மரக்கையின் ஒரு முனையில் மண்ணும் கல்லும் நிரப்பிய பெட்டி. மறு முனையில் கவண். பெட்டி விழ, கை மேலெழுந்து கல்லை வீசும். கோட்டையை வளைத்தவர்கள் மதில் இடியும்வரை ஒரே இடத்தில் எறிவார்கள், நோய் பரவட்டும் என்று செத்த மாட்டையும் உள்ளே எறிவார்கள் என்று டீச்சர் சொன்னார்.

தெரிந்த டேனிஷில் நான் சொன்னேன்: "யாழ்ப்பாணத்திலை மாறி. கோட்டைக்குள்ளை நிக்கிற ஆமி வெளியிலை ஷெல் அடிக்கும்."

"வெளியில் யார் இருக்கிறார்கள்?" என்றார் டீச்சர்.

"சனம்."

அவர் எங்களைப் பொறியின் அருகே கூட்டிப்போனார்.

மரக்கையைக் கீழே இழுக்க ஒரு பெரிய சக்கரம் இருந்தது. அண்ணையும் நானும் அதற்குள் ஏறி நடந்து சுற்றினோம். இறங்கியதும், மரக்கையை விடுவிக்கும் கயிற்றைப் பொறிக்காரர்கள் அண்ணையிடம் கொடுத்தார்கள். அவர் இழுத்தார். கல் உயர்ந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொருக்கா எறியலாமோ எண்டு கேள்" என்றார் அண்ணை.

கேட்டேன். மறுபடி நடந்தோம், மறுபடி இழுத்தார். மூன்றாம் தரம் எறிய நேரமில்லை என்றார்கள்.

திரும்பும்போது டீச்சர் அண்ணையிடம், "உங்கள் மனைவி எப்போது வருவார்?" என்று கேட்டார்.

"வரமாட்டா." பிழையில்லாத டேனிஷ்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். "மேல்முறையீடு செய்யலாம். நான் எழுதித் தருகிறேன்."

அண்ணை தலையாட்டினார். நான் யன்னலால் வயல்களைப் பார்த்தேன்.

எங்கள் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. டெலிவிஷனில் தினமும் அதுதான் கதை. அதன்பின் என் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் என்னைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தாள்.

அதற்குள் ஒடென்சே நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்த அண்ணை, அவர்கள் வந்த அன்றைக்கு வந்து பயணப் பெட்டிகளைத் தூக்கினார். எங்களோடு இருந்து சாப்பிட்டார்.

"சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு" என்றாள் என் மனைவி.

"பரவாயில்லை தங்கச்சி, போடுங்கோ" என்றார்.