அப்பாவுக்கு ஒரு அடைமொழி

மலேசியாவில், மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குப் போகும் நாற்காலி, மேசை, கட்டில்களைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தில் ‘ஸ்ட்ராங்’ இரண்டு தடவை வந்தால் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் ஒரு சொல்லுக்குப் பத்து மாற்றுச் சொல் தேடுவதே என் பிழைப்பாகிவிட்டது. அப்பா இறந்த மறுநாள் காலை, அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கும் இதுதான் காரணம்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அடக்கப் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்பது வழக்கம். அட்டையில் படம், உள்ளே பாடல்கள், நடுவில் ஒரு பக்கம் இறந்தவரைப் பற்றி. சர்ச்சுக்குச் சீனர்களும் வருவதால் அந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். பூசை முடிவில் மூத்த மகன் அதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார். இப்படி எத்தனையோ புத்தகங்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். ‘லவிங்’ என்ற சொல் முன்னால் ஒட்டாத ஒரு கணவரையோ அப்பாவையோ அவற்றில் நான் பார்த்ததில்லை. செத்தால்தான் சிலருக்கு அந்தப் பட்டம் கிடைக்கிறது.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். இரவோடு இரவாகப் பாலம் தாண்டி சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

“மூணு மணிக்குள்ள பிரிண்டருக்கு அனுப்பணும் லா. ரொம்ப யோசிக்காத. லவிங் ஹஸ்பண்ட், லவிங் ஃபாதர். முடிஞ்சிச்சி.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

“அந்த வார்த்த வேணாம்” என்றார். “மொத வரிசையில உக்காந்து நான்தான அத கேக்கணும்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். அண்ணனே ஒரு வழி சொன்னார். “சரி, ஸ்ட்ரிக்ட்னு போடு. அப்பா ஸ்ட்ரிக்ட்தான. எல்லாருக்கும் தெரியும்.”

எல்லோருக்கும் தெரியும் என்பது உண்மை. எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. காடி ஓட்டும் லைசன்ஸ் சோதனைக்கு வருகிற அதிகாரி ஸ்ட்ரிக்ட் என்றால் காசு வாங்க மாட்டார் என்று பொருள். டாக்டர் ஸ்ட்ரிக்ட் என்றால் டீயில் இனிப்பான பால்டின் பால் ஊற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஞானோபதேச டீச்சர் ஸ்ட்ரிக்ட் என்றால் பிள்ளைகள் ஜெபத்தை ஒழுங்காக மனப்பாடம் செய்யும். பெண் வீட்டார் ஸ்ட்ரிக்ட் என்றால் போனில் பேச முடியாது. இத்தனை பேரோடு, பெண்டாட்டியை அடிக்கிறவரும் இதே குடைக்குள் வந்து நின்றுகொள்வார். யாரும் அவரை வெளியே போ என்று சொன்னதில்லை.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆட்களை வேலைக்கு அனுப்பி, கண்காணித்து, கணக்குக் கொடுப்பது அவர் வேலை. தோட்டத்தில் அவர் யார் மீதும் கை வைத்ததில்லை. வீட்டில் அம்மாவை அடித்தார். குழம்பில் உப்பு, தாமதமாகத் திறந்த கதவு, அத்தை வந்தபோது சிரிக்காத முகம், எதுவும் போதும். எங்களை அடித்ததில்லை. அதனாலேயே நாங்கள் அவரை நல்ல அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொழில் புத்தியோடு மாற்றுச் சொல் தேடினேன். ‘ஃபர்ம்’ மெத்தைக்குப் போடுவது. ‘ஸ்டெர்ன்’ என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் மாதிரி மரியாதையாக இருக்கிறது. ‘ஹார்ஷ்’ கிட்டத்தட்ட வந்தது. ஆனால் அதைத் துணி சோப்புக்கும் சொல்வார்கள். தமிழில் கண்டிப்பு, கறார் இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டுமே அவரைப் பாராட்டின. கடைசியில் அண்ணன் சொன்ன ஸ்ட்ரிக்டையே எழுதி, பின்னால் ஒரு ‘ஆனால்’ போட்டு, அன்பு என்று முடித்தேன்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “என்ன எழுதியிருக்க? படி.”

படித்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்த ஒரு சொல்லில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அன்னைக்கி கிளினிக்ல டாக்டர்கிட்ட நீ சொன்னது இதான?”

எனக்கு அப்போது பதினாலு வயது. அம்மாவின் கை உடைந்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அப்பா மலாயில் சொன்னார். டாக்டர் இளம்பெண். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று புரிந்துகொண்டு, என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: வீட்டில் அப்பா எப்படி? நான் ‘ஸ்ட்ரிக்ட்’ என்றேன். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி சற்றுக் காத்திருந்தார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் அப்பாவுக்கும் தெரியும். ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார். மூவரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

அம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

“நீ சின்னப் புள்ள, பயந்துட்ட” என்றார் அம்மா. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. “இப்ப என்ன பயம்?”

ஸ்ட்ரிக்டை எடுத்தேன். ‘ஆனால்’ போயிற்று, அன்பும் போயிற்று. பிறந்த ஊர், பார்த்த வேலை, ஞாயிறு பூசை தவறாதவர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் என்று எட்டு வரி மட்டும் மிஞ்சியது. அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்ததைப் பார்த்து அண்ணன், “அலமாக், ரொம்ப சின்னதா இருக்கே” என்றார். பூசை முடிவில் ஒரு நிமிடம்கூட ஆகாமல் வாசித்து முடித்துவிட்டு இறங்கினார். அம்மா முன்வரிசையில் நேராக உட்கார்ந்து கேட்டார்.

கல்லறையில் மண் போட்டு முடிந்து எல்லோரும் காடியை நோக்கி நடந்தோம். அம்மா என் இடது கையைப் பிடித்திருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, அழுதுகொண்டே வந்து வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணனப் பத்தி ஒரு வார்த்த நல்லதா போடலயேம்மா. ஸ்ட்ரிக்ட்டான மனுஷன்தான். ஆனா எப்படிப்பட்ட மனுஷன். இல்லயா?”

என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“அம்மாவ அடிப்பாரு, அத்த” என்றேன்.

அத்தை என் கையை விட்டுவிட்டார். அம்மா விடவில்லை.