அந்தப் பொங்கல் படத்தில் என் சேலை

போன வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்த வண்டிக்காரர் வாசலில் நின்று சொன்னார்: "போட்டோ ஞானமுத்து அண்ணாச்சி தவறிட்டாவ, வாத்தியாரம்மா. சாயந்திரம் அடக்கம்." அதற்குப் பிறகு எந்தக் கணக்கு சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் அவரிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களில் பாதிப் பேரிடமாவது அவர் சண்டை போட்டிருப்பார். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றாராம். "கோட்ட மட்டும் நாற்காலியில போட்டு எடுத்துருவோமா? நீங்க அங்கன நிழல்ல இருங்க" என்றாராம் இவர்.

அவர் கடைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் நிறம் நிறமாகத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றின் கீழும் அதே துண்டைப் படம் எடுத்து ஒட்டியிருப்பார். சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் அழுக்காகவும், வெளிர் நீலம் சுத்த வெள்ளையாகவும் தெரியும். "கண்ணு பாக்கது வேற, கேமராத் தகடு பாக்கது வேற" என்பார். அதனால் குடும்பப் படம் என்றால் சேலைப் பெட்டியோடு வரச் சொல்லி, அவரே பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

நாங்களும் ஒரு பொங்கலுக்கு மறுநாள் அப்படிப் போனோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என்னைப் படத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் மூன்று நாள் பேசினார்கள். எல்லாவற்றையும் அடுக்களையிலிருந்து கேட்டேன். கடைசியில் பெரியப்பா உத்தரவு கொடுத்தார்: "நிக்கட்டும். ஆனா படத்துல வெள்ளச் சேலதான் தெரியணும். நாலு பேரு வந்து போற கூடத்துல மாட்டுற படம்." படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயத்தில் அவர் மட்டும் வரவில்லை. எங்கள் ஆயுசைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை போலும்.

கடையில் அப்பா பெரியப்பாவின் உத்தரவைச் சொன்னார். பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் அரக்குப் பட்டைக் கறுப்பாக விழும் என்று அண்ணாச்சி தள்ளிவைத்தார். அடியில் ஒரு வெளிர் நீலப் பட்டு இருந்தது. என் தலைதீபாவளிச் சேலை. ஒரே நாள் உடுத்தியது. அம்மா அதைத் தனக்கென்று எடுத்து வந்திருந்தாள். "இது உங்களுக்கு ஆவாதும்மா. வெள்ளையா விழும், ஊரு பேசும்" என்று மடிக்கப் போனவர் என் கையைப் பார்த்துவிட்டார். என்னை அறியாமல் அந்தப் பட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, படத்துலதான வெள்ள தெரியணும்னு பெரியவங்க சொன்னாவ? பிள்ள இத உடுத்தட்டும். கரைய உள்ள மடிச்சுக்கிட்டா சுத்த வெள்ளையாத் தெரியும். நான் பொறுப்பு."

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அப்பா எழுந்து, படத்துக்குப் பின்னணியாக மாளிகை வரைந்து தொங்கவிட்டிருந்த திரையருகே போய், "இந்தப் படிக்கட்டு எந்த ஊரு வே?" என்று கேட்டார். பிறகு திரும்பாமலே என்னிடம், "வெயிலு போயிரும், கோமதி. வெரசா உடுத்திட்டு வா" என்றார்.

உடுத்திக்கொண்டு வந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி மாளிகைத் திரையையும், அன்னம் நீந்தும் குளத்துத் திரையையும் சுருட்டிவிட்டு, கரும்பச்சைத் தோப்புத் திரையை இறக்கினார். "வெளுத்த திரையில வெள்ள காணாமப் போயிரும். பிள்ள காணாமப் போவக் கூடாது" என்றார். ஓரமாக நின்ற என்னை அழைத்து வந்து அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினார். "மூச்சப் பிடிக்காத தாயி. பைய விடு." அந்த ஒன்றரை வருஷத்தில் அன்றுதான் நான் நன்றாக மூச்சு விட்டேன்.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மாட்ட அண்ணாச்சியே படத்தைக் கொண்டுவந்தார். "வயசுப் பிள்ள, எவ்வளவு அடக்கமா வெள்ள உடுத்தி நிக்கா பாத்தீரா வே!" என்று பெரியப்பா பெருமைப்பட்டார். அண்ணாச்சி தோள்துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. "ஆமாய்யா, நல்ல பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எங்கே பார்த்தாலும் என் படிப்பையும் பள்ளிக்கூடத்தையும் விசாரிப்பாரே தவிர, சேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நானும் பேசவில்லை. வெளியே தெரிந்தால் அவர் கடைக்கு யாரும் வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போக மாட்டார்கள் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அடக்கத்துக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தேன். இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்தச் சேலையில் நான் நின்ற கால் மணி நேரம். அதை இன்னமும் வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. பெரியப்பா இதை வாசித்தால் வாசிக்கட்டும். அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தில் நான் உடுத்தியிருப்பது நீலப் பட்டு.